மாசமா இருக்கும்போது என்ன உடுத்துவது? தையல் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் பெண்களுக்கு மட்டும் தைக்கும் சின்னக் கடை என்னுடையது. அளவு எடுக்க நிற்கும் நேரத்தில்தான் பலரும் மனதில் கிடப்பதைக் கேட்பார்கள். அதிலும் மாசமாக இருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள். வாட்ஸாப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பேசி அனுப்பி அலுத்துப் போனதால் இங்கே எழுதிவைக்கிறேன். துணி என் தொழில். உடம்பைப் பற்றி நான் சொல்வது டாக்டர்களும் நர்ஸ்களும் பொதுவாகச் சொல்வதுதான். உங்களைப் பார்க்கும் டாக்டர் வேறு சொன்னால் அதையே கேளுங்கள்.

எத்தனாவது மாசத்துல இருந்து பெரிய துணி வேணும்க்கா?

முதல் குழந்தை என்றால் மூன்று, நான்கு மாதம் வரை வயிறு வெளியே அவ்வளவாகத் தெரியாது. சுமார் 12 வாரம் வரை கர்ப்பப்பை இடுப்பெலும்புக்குள்ளேயே இருக்கும். 20 வாரத்தில் தொப்புள் மட்டத்துக்கு வரும், 36 வாரத்தில் நெஞ்செலும்பின் அடிவரை ஏறிவிடும். இரண்டாவது குழந்தைக்கு வயிறு சீக்கிரமே தெரியும், தசை ஏற்கெனவே ஒருமுறை விரிந்து தளர்ந்திருப்பதால்.

ஆனால் முதலில் பத்தாமல் போவது இடுப்பு இல்லை, ப்ளவுஸ். மார்பு ஆறு, ஏழு வாரத்திலேயே கனக்க ஆரம்பித்துவிடும். வீட்டில்கூட இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள், "கொஞ்சம் வெயிட் போட்டுட்டேன்க்கா, பிரிச்சு விடுங்க" என்று வந்து நிற்பார்கள். நானும் எதுவும் கேட்பதில்லை.

அப்போ எல்லாத்தையும் புதுசா வாங்கணுமா?

வேண்டாம். நான்காவது மாதம் கொஞ்சம், ஏழாவது மாதம் கொஞ்சம் என்று வாங்குங்கள். மூன்று மாதத்தில் மொத்தமாக வாங்கியதை எட்டாம் மாதம் மாற்றக் கொண்டுவருகிறவர்கள் நிறைய. நாலு நைட்டி, வெளியே போக ரெண்டு மூன்று குர்தி, அகலப் பட்டி வைத்த பாவாடை இரண்டு, உள்ளாடைகள். வீட்டுக்காரரின் பழைய சட்டையும் கணக்கில் சேரும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வழக்கமான குர்தியிலேயே ரெண்டு சைஸ் பெரிதாக எடுத்தால் தோள் இறங்கும், கழுத்து அகலமாகி நழுவும், வயிற்றில் மட்டும் இறுக்கமாகவே இருக்கும். பெரிய உடம்புக்கான வெட்டு வேறு, வயிற்றுக்கான வெட்டு வேறு. தோள் அளவு உங்கள் பழைய அளவாகவே இருக்க வேண்டும். மார்புக்குக் கீழே யோக் வைத்து, அங்கிருந்து சுருக்கம் விட வேண்டும். முன்பக்கம் பின்பக்கத்தைவிட ரெண்டு அங்குலம் நீளமாகவும் வெட்டச் சொல்லுங்கள். வயிறு துணியை மேலே தூக்குவதால் சரிசமமாக வெட்டிய குர்தி முன்னால் குட்டையாகத் தெரியும்.

பழைய ப்ளவுஸைப் பிரிச்சு விட்டாப் போதாதா?

உள்ளே துணி விட்டுத் தைத்திருந்தால் போதும். பக்கத் தையலில் ஒரு அங்குலம் மடிப்பு இருந்தால், முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் சேர்த்துச் சுற்றளவில் மூன்று அங்குலம் வரை எடுக்கலாம். அதோடு அக்குளையும் கையையும் சேர்த்துப் பிரிக்க வேண்டும். பக்கத்தை மட்டும் பிரித்துவிட்டுக் கையை அப்படியே விட்டால் கையைத் தூக்கும்போது ப்ளவுஸே மேலே ஏறும். பட்டுத் துணியில் பழைய ஊசித் தடம் தெரியும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, முந்தானை மறைத்துக்கொள்ளும். ரெடிமேட் ப்ளவுஸில் பெரும்பாலும் பிரிக்க இடமே இருக்காது.

புதிதாகத் தைப்பதென்றால் முன்பக்கம் கொக்கி வையுங்கள். பின்பக்கம் ஜிப், பின்பக்கம் நாடா எல்லாம் பார்க்க அழகுதான், குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது அத்தனையும் கழற்ற வேண்டிவரும். கொக்கிப் பட்டியில் ரெண்டு வரிசை வளையம் வைத்தால் இப்போது ஒன்று, பிரசவத்துக்குப் பிறகு ஒன்று என்று மாட்டலாம். இதற்கு நான் தனியாகக் காசு வாங்குவதில்லை, மற்ற கடையிலும் கேட்டுப் பாருங்கள்.

பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டினா குழந்தைக்கு ஆகாதாமே?

குழந்தை தடித்த தசைப்பைக்குள், பனிக்குட நீரில் இருக்கிறது. நாடா அதன் கழுத்தை நெரிக்கும், கொடியைச் சுற்றவைக்கும் என்பதெல்லாம் பயமுறுத்தும் பேச்சு. கஷ்டம் உங்களுக்குத்தான். இறுக்கிக் கட்டினால் நெஞ்செரிச்சல் கூடும், மூச்சு முட்டும், நாடா பதிந்த இடம் கறுத்துத் தடிக்கும். வியர்வை தங்கினால் அரிப்பும் படையும் வரும்.

நாடாவை உருவிப் போட்டுவிட்டு, நாலு அங்குல அகலத்தில் பனியன் துணிப் பட்டி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். பழைய பாவாடையிலேயே செய்யலாம். அதை வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில் உட்காரவைப்பவர்களும் உண்டு, வயிற்றை முழுக்க மூடி மார்புக்குக் கீழே வைப்பவர்களும் உண்டு; எது இதமோ அது. சேலைக்குள் போடும் ஷேப்வேர் மட்டும் இப்போது வேண்டாம். வயிற்றை அமுக்குவதற்கென்றே தைக்கப்பட்டது அது.

சேலையா, சுடிதாரா, நைட்டியா? எதுதான் வசதி?

சேலைக்கு ஒரு பெரிய லாபம்: அளவே கிடையாது. அதே ஐந்தரை மீட்டர்தான். வயிறு பெருகப் பெருக ஏழு கொசுவம் நாலாகும், அவ்வளவுதான். எங்கள் ஊர் சுங்குடி இதற்கு ரொம்பப் பொருத்தம். மெல்லிய பருத்தி, காற்று போகும், துவைக்கத் துவைக்க மிருதுவாகும். அக்னி நட்சத்திரத்தில் ஒன்பதாம் மாதம் வருகிறவர்களுக்கு நான் வேறெதையும் சொல்வதில்லை. ஆனால் கரை தரையில் புரளக் கட்டாதீர்கள். வயிறு மறைப்பதால் படியும் தெரியாது, காலில் சிக்கும் கொசுவமும் தெரியாது. கணுக்கால் தெரிகிற உயரம் போதும்.

சுடிதாரில் கால் இறுக்கமான பேன்ட்டை விட்டுவிடுங்கள். எட்டாம் மாதம் குனிந்து கணுக்காலில் இழுத்து மாட்ட யாராவது பக்கத்தில் வேண்டும். பட்டியாலா, பலாசோ, இல்லையென்றால் வயிற்றை மூடும் பட்டி வைத்த லெக்கின்ஸ் போடலாம். திருப்பூர் பனியன் துணியில் பருத்தியோடு கொஞ்சம் லைக்ரா கலந்தது நன்றாக இழுபடும். பாலியஸ்டர் அதிகம் கலந்தது விலை குறைவு, ஆனால் தொடை இடுக்கில் வியர்த்துக் கொட்டும்.

நைட்டியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் தெருமுனைக் கடை வரை போய்வரலாம் என்பது ஊரே ஒத்துக்கொண்ட சட்டம். ஜிப் வைத்ததாக இப்போதே வாங்கினால் பிறகு பால் கொடுக்கவும் ஆகும்.

மாமியார் நைட்டியே கூடாதுங்கிறாங்க. நாள் முழுக்கச் சேலைதான் கட்டணுமா?

இதற்கு மல்லுக்கட்டி ஜெயித்தவர்களைவிடத் துணியை மாற்றி ஜெயித்தவர்கள்தான் அதிகம். நைட்டித் துணியிலேயே காலர் வைத்து, முக்கால் கையோடு, முன்பக்கம் பட்டன் வைத்து நீளக் குர்தி மாதிரி தைத்துக் கொடுக்கிறேன். அதைப் பார்த்து இதுவரை எந்த மாமியாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. ரெண்டு அத்தைமார்கள் தங்களுக்கும் அதேபோல் கேட்டார்கள்!

பிரா பத்திக் கேக்கக் கூச்சமா இருக்குக்கா. ஒண்ணுமே பத்தல.

கூச்சப்பட ஒன்றுமில்லை, எல்லோருக்கும் இதேதான். கப் மட்டுமல்ல, விலா எலும்புக்கூடும் விரியும். அதனால் புதிதாக வாங்கும்போது உள்ளே இருக்கிற, அதாவது இறுக்கமான கொக்கியில் சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள். போகப்போக வெளிக்கொக்கிக்கு மாற்றலாம். சாதாரண நாளில் வாங்கும் முறைக்கு இது நேர் எதிர். கப் சரியாக இருந்து முதுகு மட்டும் இறுக்கினால், கொக்கி நீட்டிக்கும் சிறு பட்டி ஃபேன்ஸி ஸ்டோரிலேயே கிடைக்கும்.

கம்பி வைத்தது சதையில் பதிந்தால் கழற்றிவிடுங்கள். பால் கொடுக்கும் பிராவை எட்டாம் மாதத்துக்கு மேல் வாங்குவதுதான் நல்லது. கடைசி மாதங்களில் சீம்பால் லேசாகக் கசிவது சகஜம். பழைய மெல்லிய பருத்தித் துணியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, நனைந்ததும் மாற்றுங்கள்.

வெயிட் ஏற ஏற கண்ணாடியைப் பாக்கவே பிடிக்கல. சாப்பாட்டைக் குறைக்கட்டுமா?

குறைக்காதீர்கள். மாசமாக இருக்கும்போது இளைக்கப் பார்ப்பது தவறு. கூடுகிற வேகத்தில் சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் பேசுங்கள். "ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்று தட்டில் இரண்டு மடங்கு வைப்பதும் தேவையில்லை. நம் ஊரில் பொதுவாகப் பத்திலிருந்து பன்னிரண்டு கிலோ கூடலாம் என்பார்கள். ஆரம்பத்தில் மெலிந்திருந்தால் கூடுதலாகவும், பருமனாக இருந்தால் குறைவாகவும் சொல்வார்கள்.

அந்தக் கிலோ எங்கே போகிறது என்று பாருங்கள். குழந்தை மூன்று கிலோவை ஒட்டி; நஞ்சுக்கொடியும் பனிக்குட நீரும் சேர்ந்து ஒன்றரைக்கு மேல்; வளர்ந்த கர்ப்பப்பை ஒரு கிலோ அளவு; கூடுதல் ரத்தமும் நீரும் மூன்று கிலோவுக்குப் பக்கம்; மார்பு அரைக் கிலோவாவது. மிச்சம்தான் கொழுப்பு. அது பால் கொடுக்க உடம்பு சேர்த்துவைப்பது.

அளவு எடுக்கும்போது எண்ணைக் கேட்கப் பிடிக்கவில்லை என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், வாய்விட்டுச் சொல்லாமல் நோட்டில் எழுதிக்கொள்வேன். நிறையப் பேர் அப்படிக் கேட்கிறார்கள். "போன தடவை 34, இப்போ 40" என்று கடையே கேட்கக் கூவுகிற தையல்காரரிடம் போகாதீர்கள், நன்றாகத் தைத்தாலும்.

கழுத்து, அக்குள் எல்லாம் கறுத்துப்போச்சு, வயித்துல கோடு கோடா இருக்கு. போகவே போகாதா?

தொப்புளுக்குக் கீழே ஓடும் கருங்கோடு, கன்னத்தில் படரும் கருமை, கழுத்து, அக்குள் கறுப்பு எல்லாம் ஹார்மோனால் வருவது. பெரும்பாலும் பிரசவமாகிச் சில மாதங்களில் மங்கும். பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்தால் புண்தான் மிஞ்சும். ரெட்டினாய்டு கலந்த கிரீமும், மெடிக்கலில் எழுதாமல் கிடைக்கும் சிவப்பாக்கும் ஸ்டீராய்டு கிரீமும் கண்டிப்பாகக் கூடாது. கழுத்துக் கறுப்பு மாசமாவதற்கு முன்பிருந்தே இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், சர்க்கரையோடு தொடர்பு இருக்கலாம்.

தோல் விரிந்த வரிகள் சொறிவதால் வருவதில்லை. எண்ணெய் தடவினால் அரிப்பு அடங்கும். வரியே வராமல் தடுக்கும் எண்ணெய் என்று நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். சிவப்பாக, ஊதாவாக இருப்பவை நாளாக நாளாக வெள்ளிநிறமாக மங்கும், முழுதாக மறையாது. கடைசி மாதங்களில் உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பே இல்லாமல் கடுமையாக அரித்தால் அது வேறு விஷயம். ஈரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், உடனே டாக்டரைப் பாருங்கள்.

குங்குமப்பூ சாப்பிட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமா என்பதும் இந்தக் கேள்வியோடு ஒட்டிக்கொண்டே வரும். பிறக்காது.

"வயிறு கூம்பா இருக்கு, பையன்தான்"ங்கிறாங்க. இன்னொருத்தர் "வயிறே காணோமே"ங்கிறாங்க. யாரை நம்ப?

ரெண்டு பேரையும் வேண்டாம். வயிற்றின் வடிவம் உங்கள் உயரம், தசையின் பிடிப்பு, குழந்தை படுத்திருக்கும் விதம், இது எத்தனாவது பிரசவம் என்பதையெல்லாம் பொறுத்தது. ஆணா பெண்ணா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஸ்கேனில் கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

வயிறு சரியாக வளர்கிறதா என்று பார்க்க டாக்டரும் டேப்தான் பிடிக்கிறார். 20 வாரத்துக்குப் பிறகு, எத்தனை வாரமோ ஏறக்குறைய அத்தனை சென்டிமீட்டர், ரெண்டு முன்னே பின்னே இருக்கலாம். அந்த அளவு சரியென்றால் பக்கத்து வீட்டு அளவை மறந்துவிடுங்கள். "கண்ணு பட்டுடும்" என்று பெரியவர்கள் சொன்னால் மேலே ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொள்ளலாம், அதில் நஷ்டமில்லை. ஆனால் வயிறு தெரியக்கூடாது என்று இறுக்கமான துணிக்குள் போகாதீர்கள்.

வளைகாப்புக்குப் பட்டு ப்ளவுஸ் எப்போ தைக்கக் கொடுக்கணும்?

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, விழாவுக்குப் பத்து, பதினைந்து நாள் முன்பு அளவு கொடுங்கள். அதற்கு முன்னால் எடுத்த அளவு பொய்யாகிவிடும். பிரிக்க இடம் விட்டுத் தைப்பது எப்படி என்று மேலே ப்ளவுஸ் கேள்வியில் சொன்னது இங்கே இருமடங்கு பொருந்தும். கை ரொம்ப நீளம் வேண்டாம், அத்தனை வளையலும் ஏறவேண்டுமே. வளையல் கடையிலும் இப்போதைய கை அளவைக் காட்டியே வாங்குங்கள்.

கனத்த ஜரிகைப் பட்டைக் கட்டிக்கொண்டு ரெண்டு மணி நேரம் மணையில் சம்மணமிட்டு உட்காருவது கஷ்டம். கைவைத்த நாற்காலி போடச் சொல்லுங்கள். சில வீடுகளில் மசக்கைக்குக் கறுப்புப் புடவை எடுப்பது வழக்கம். அதை மென்பட்டில் எடுத்தால் பிறகும் உதவும். அரசு நடத்தும் சமுதாய வளைகாப்புக்குப் போகிறவர்கள் சாதாரணப் பருத்திச் சேலையில் போனாலே போதும்.

கால் வீங்கி மெட்டி இறுகுது. கழட்டலாமா?

இறுகும் முன்பே கழற்றுங்கள், மோதிரத்தையும்தான். மெட்டியைக் கழற்ற மனம் வரவில்லை என்றால் வளையத்தைக் கொஞ்சம் விரித்துப் போட்டுக்கொள்ளலாம். செருப்பு அரை சைஸ், ஒரு சைஸ் பெரிதாக வேண்டியிருக்கும். சிலருக்குப் பிறகும் பாதம் பழைய அளவுக்கு வராது.

சாயங்காலம் கால் வீங்கி, காலையில் வடிந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஆனால் முகமும் கையும் திடீரென்று வீங்கினாலோ, தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம்.

பிரசவத்துக்குப் போறப்ப என்ன துணி எடுத்துட்டுப் போகணும்?

அடர்நிற நைட்டி நாலு, முன்பக்கம் திறப்பதாக, கை தொளதொளவென்று. ப்ரஷர் பார்க்கவும் டிரிப் ஏற்றவும் கை மேலே ஏறவேண்டும். ஜட்டி தொப்புள் வரை ஏறும் பெரிய பருத்தி ஜட்டியாக இருக்கட்டும். சிசேரியன் என்றால் தையல் மேல் எலாஸ்டிக் உரசக்கூடாது. குழந்தைக்குப் பழைய, துவைத்த வேட்டித் துணி. ஆபரேஷன் தியேட்டருக்குள் நகை எதுவும் கூடாது. தாலிக்குப் பதில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு, அதைப் பையில் முன்பே வைத்துவிடுங்கள்.

எங்க தங்கச்சிக்கு அஞ்சாம் மாசம் கலைஞ்சிடுச்சு. தைக்கக் கொடுத்த துணியை என்ன பண்ணக்கா?

கடையிலேயே இருக்கட்டும். வேறு மாதிரித் தைக்கச் சொன்னாலும் சரி, யாராவது வந்து வாங்கிப் போனாலும் சரி, நானாகப் போன் செய்து கேட்கமாட்டேன். வீட்டில் இருக்கும் வயிற்றுத் துணிகளை அவளைக் கேட்காமல் யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே அவளிடம் சொல்லிவையுங்கள். நாலு மாதம் தாண்டிக் கலைந்தால் சில நாளில் பால் சுரக்கலாம். தெரியாமல் இருந்தால் அது பெரிய அதிர்ச்சி. துணியால் இறுக்கிக் கட்டாமல், நன்றாகத் தாங்கிப் பிடிக்கும் மிருதுவான பிரா போடட்டும், குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம். வலியோ காய்ச்சலோ இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். வயிறும் உடனே வற்றாது. பழைய துணி பத்தவில்லை என்றால், வயிற்றுக்காக இல்லாமல் சாதாரணமாகத் தெரிகிற தொள குர்தி ரெண்டு வாங்கிக் கொடுங்கள்.

குழந்தை பிறந்தும் வயிறு அப்படியே இருக்கு. துணி வெச்சுக் கட்டினா இறங்குமா? பழைய ப்ளவுஸ் எப்போ பத்தும்?

பிறந்த அன்று பார்த்தால் ஐந்து, ஆறு மாத வயிறு மாதிரிதான் இருக்கும். கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்கச் சுமார் ஆறு வாரம் ஆகும். பழைய பருத்திச் சேலையை மடித்துக் கட்டுவது முதுகுக்குத் தாங்கலாக இருக்கும், ஆனால் கொழுப்பைக் கரைக்காது. ரொம்ப இறுக்கினால், கர்ப்பப்பையை அடியிலிருந்து தாங்கும் இடுப்புத் தசைமேல் கீழ்நோக்கி அழுத்தம் போகும். சிசேரியன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் கட்டவே வேண்டாம். பால் கொடுக்கும்வரை ப்ளவுஸ் அளவு மாறிக்கொண்டே இருக்கும், அதனால் பிரித்ததை அவசரப்பட்டுப் பிடிக்கக் கொடுக்காதீர்கள். சிலருக்குப் பழைய அளவு திரும்பும், சிலருக்குத் திரும்பாது. அவர்களுக்குப் புதிதாக ஒரு அளவு ப்ளவுஸ் தைத்துக் கொடுத்து, இனி இதை வைத்து வெட்டுகிறேன் என்று சொல்லிவிடுவேன்.

முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு. அது ரெண்டு வாரத்துக்கு மேல் நீண்டாலோ, குளிக்க, உடை மாற்றக்கூட மனம் வராமல் போனாலோ, குழந்தையைத் தூக்கவே பிடிக்காமல் போனாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். வெளியே போக முடியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் செய்யலாம். மத்திய அரசின் இலவச மனநலச் சேவை அது. எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம்.